காற்றிலிருந்து உரம்: நம் கணக்கில் ஒரு திருத்தம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சென்ற ஆண்டு இதே மேடையில் நின்று பயறு வகைகளின் பெருமையைப் பற்றி நாம் பேசியது உங்களுள் சிலருக்கேனும் நினைவிருக்கலாம். துவரைச் செடியின் வேரில் வாழும் கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து உரமாக்குகின்றன என்றும், சிந்திரி ஆலையில் பெருந்தீ மூட்டிச் செய்யும் அவ்வேலையை அவை காசு செலவின்றிச் செய்து முடிக்கின்றன என்றும் கூறினோம். கைதட்டலும் கிடைத்தது. மறுநாட் காலை பால் வாங்கும் வரிசையில், நம் காலனியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம்மிடம் வந்து, “மாமா, நேற்று நீங்கள் சொன்னது தப்பு. அது இலவசமில்லை. பதினாறு ஏ.டி.பி. செலவாகிறது” என்றாள். ஏ.டி.பி. என்றால் என்ன என்று கேட்க நமக்கு வெட்கமாயிருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பால் பாத்திரத்துடன் வீடு திரும்பினோம்.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந் தள்ளுபவர். விஞ்ஞானம் நமக்கு முறையாக வாய்த்த கல்வி அன்று. ஆனால் கணக்கில் பிழை என்று ஒருவர் சுட்டிய பின்னும் ஏட்டைத் திறந்து பாராதிருத்தல் எம்போன்றோர்க்கு இயலாத காரியம். ஆகவே இந்த ஓராண்டில், கிடைத்த நூல்களைப் படித்தும், விளங்காதவற்றைக் கற்றறிந்தோரிடம் கேட்டும், அக்கணக்கைச் சரிபார்த்தோம். பெண் சொன்னதே சரி. அத்திருத்தத்தைச் சபையறியச் சொல்லிவிடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். உடலில் புரதம் எதுவும் அஃதின்றி உருவாகாது. எனினும், கடல் நடுவே தாகத்தால் தவிப்பவனைப் போல, நைட்ரஜன் கடலின் அடியில் நின்றுகொண்டே பயிர்கள் அதற்காக ஏங்குகின்றன. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மும்மடிப் பிணைப்பினால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதே காரணம். அக்கட்டை அவிழ்க்கும் வழியை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ஆம் ஆண்டில் செய்து காட்டினார்; கார்ல் போஷ் அதனை ஆலைத் தொழிலாக்கினார்; 1913இல் ஒப்பாவ் என்னும் ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கிற்று. ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி வெப்பம்; வளிமண்டலத்தைப் போல் இருநூறு மடங்களவு அழுத்தம்; ஹைட்ரஜனுக்கு நிலக்கரியோ இயற்கை எரிவாயுவோ வேண்டும். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு இம்முறையை நம்பியே நிற்கிறது என்று கணக்கிட்டுள்ளனர்.

நம் தன்பாத்துக்கு அருகிலுள்ள சிந்திரியைப் பற்றி இங்குள்ள பெரியோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1951 அக்டோபரில் உற்பத்தி தொடங்கி, 1952 மார்ச்சு 2ஆம் நாள் பண்டித நேரு அவர்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற ஆலை அது. அம்மோனியம் சல்பேட் செய்வதற்கு வேண்டிய ஜிப்சம் ராஜஸ்தானத்திலிருந்து ரயிலேறி வந்தது. 2002இல் அது அடைபட்டது. 2022இல் அதே ஊரில் புதிய யூரியா ஆலை எழுந்தது. உர மூட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் எவ்வளவு எரிபொருளும் எத்தனை வாகன்களும் உள்ளன என்பதை அறிந்ததனால்தான், கிருமிகள் அதைச் சும்மா செய்கின்றன என்று சொல்லும்போது நமக்கு அத்துணை ஆனந்தம் உண்டாயிற்று போலும்!

இனிக் கிருமியின் பக்கம் வருவோம். ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி, 1890களில், மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்குக் காற்றில் நைட்ரஜன் இருந்தால் போதும். பிராணவாயுவோ அதற்கு நஞ்சு. பாஸ்டர் பெருமானின் பெயரால் அதனைக் கிளாஸ்டிரிடியம் பாஸ்டூரியானம் என்று அழைத்தார். துவரை வேரில் வாழ்வது இதுவன்று, வேறோர் இனம். ஆயினும் நாம் தேடிய செலவுக் கணக்கு முதன்முதலில் வெளிப்பட்டது இந்தக் கிளாஸ்டிரிடியத்தின் உடலிலிருந்துதான். ஆகையால் சற்று நேரம் இதனோடு தங்குவோம்.

நைட்ரஜனை அம்மோனியாவாக்க எலெக்ட்ரான்கள் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அம்மோனியாவாக ஆறு எலெக்ட்ரான்கள். மேலும் இரண்டு, தவிர்க்க இயலாத சேதாரமாக ஹைட்ரஜன் வாயுவில் போய்விடுகின்றன. ஆக மொத்தம் எட்டு. எலெக்ட்ரானை ஒரு சரக்கு என்று கொண்டால், எம் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்விகளே இங்கும் எழுகின்றன: அனுப்புபவர் யார்? ஏற்றிச் செல்லும் வண்டி எது? பெறுபவர் யார்?

அனுப்புபவர் யார் என்பதும் வண்டி எது என்பதும் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டன. கார்னஹான், மார்ட்டென்சன் முதலியோர் 1960இல் அந்தப் பாக்டீரியாக்களை உடைத்துப் பிழிந்த சாற்றை எடுத்து, உயிரற்ற அச்சாறே நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் என்று மெய்ப்பித்தனர். சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவிக் அமிலத்தை நிறையச் சேர்த்தாலன்றி அது வேலை செய்யவில்லை. ஆகவே சரக்கை அனுப்புபவர் பைருவிக் அமிலம் என்று தெரிந்தது. பிறகு 1962இல் மார்ட்டென்சன், வாலண்டைன், கார்னஹான் மூவரும் சாற்றிலிருந்து பழுப்பு நிறமான ஒரு சிறு புரதத்தைப் பிரித்தனர். அதை நீக்கினால் பைருவிக் அமிலத்திலிருந்து எலெக்ட்ரான் புறப்படுவதில்லை. திரும்பச் சேர்த்தால் மீண்டும் ஓட்டம் தொடங்கும். அதுவே வண்டி! இரும்பு உடையதாதலின் பெர்ரடாக்ஸின் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் தாகாவா, ஆர்னன் என்னும் இருவர், பசலைக் கீரையின் இலையிலும் இத்தகைய பணியைச் செய்யும் இரும்புப் புரதம் உண்டு என்று காட்டினர். அது வேறு கட்டமைப்பு. பெயர் மட்டும் ஒன்று.

இந்தப் பழுப்புப் புரதத்தின் உடலமைப்பைப் படித்தபோதுதான் நாம் இரவில் தூக்கம் மறந்தோம். அதைச் சற்று விரித்துரைக்க உங்கள் பொறுமையை வேண்டுகிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளை ஒரே நூலில் கோத்த மாலை. மணிகளில் இருபது வகை உண்டு. கிளாஸ்டிரிடியத்தின் பெர்ரடாக்ஸினில் மொத்தமே 55 மணிகள். அவற்றிலும் பதினைந்து வகைகளே உள்ளன. ஐந்து வகைகள் அடியோடு இல்லை. நம் குருதியின் செந்நிறப் புரதத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் உண்டென்றால் இதன் சிறுமை விளங்கும். 1964இல் இதன் வரிசை முழுதும் கண்டறியப்பட்டது. மணிகளுள் சிஸ்டீன் என்பதொன்று; அது கந்தகம் உடையது, இரும்பைப் பற்றிப் பிடிக்க வல்லது. அது வரும் இடங்களைக் கேளுங்கள்: 8, 11, 14, 18, பிறகு நெடுந்தூரம் ஒன்றுமில்லை, பிறகு 37, 40, 43, 47.

இளைஞர்கள் மனத்திற்குள்ளேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். எட்டோடு 29ஐக் கூட்டினால் 37. பதினொன்றோடு கூட்டினால் 40. பதினான்கோடு 43. பதினெட்டோடு 47. நான்கும் பிசகவில்லை. பதினெட்டுக்கு அடுத்த 19இல் புரோலின் என்னும் மணி. நாற்பத்தேழுக்கு அடுத்த 48இலும் புரோலினே. அதாவது மாலையின் பின்பாதி, முன்பாதியின் மறுபடி. இடையிடையே மணிகள் மாறியிருப்பினும் அச்சு அழியவில்லை.

பேரேட்டைப் படியெடுக்கும் குமாஸ்தா, தூக்கக் கலக்கத்தில் ஒரு பத்தியை இரண்டு முறை எழுதிவிட்டான் என்று வையுங்கள். அவனுக்குப் பின்வந்தோர் அந்தப் படியைப் பார்த்தே மறுபடி எழுதுகின்றனர். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இரு பத்திகளிலும் வெவ்வேறு எழுத்துப் பிழைகள் புகுகின்றன. ஆயினும் தொகைகள் நின்ற இடத்தில் நிற்பதால், இது ஒன்றின் இரட்டிப்பே என்பதைத் தேர்ந்த தணிக்கையாளர் கண்டுகொள்வார். இங்கே அந்தத் தணிக்கையாளர் இருவர்: ரிச்சர்ட் எக், மார்கரெட் டேஹாஃப். 1966இல் அவர்கள், தொன்மையான ஒரு குறும்புரதம் மரபுப் பொருளில் நேர்ந்த இரட்டிப்பினால் இன்றைய பெர்ரடாக்ஸின் ஆயிற்று என்று எழுதினர். அதற்கும் முன்னே நான்கே மணிகள் திரும்பத் திரும்ப வந்த ஒரு மாலை இருந்திருக்கும் என்றும் ஊகித்தனர். இரட்டிப்பு என்பதை விஞ்ஞானிகள் பொதுவாக ஒப்புகின்றனர். நான்கு மணிக் கதை ஊகமே. நாமும் முன்னதை வரவில் வைத்துப் பின்னதைத் தனித்தாளில் குறித்துக்கொள்கிறோம்.

இன்னுமொரு விந்தை. 1973இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆட்மன், சீக்கர், ஜென்சன் ஆகியோர், இதன் உறவினமான ஒரு பாக்டீரியாவின் பெர்ரடாக்ஸினை எக்ஸ்ரேயினால் ஆராய்ந்து உருவத்தை வெளியிட்டனர். நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் ஒரு கனசதுரத்தின் எட்டு முனைகளில் மாறி மாறி அமர்ந்திருக்கின்றன. அத்தகைய பேழை இரண்டு. ஒவ்வொன்றையும் நான்கு சிஸ்டீன்கள் பற்றியுள்ளன. முன்பாதியின் நான்கும் முதற்பேழையை, பின்பாதியின் நான்கும் இரண்டாவதை என்றுதானே நாம் நினைப்போம்? அப்படியன்று. 8, 11, 14 ஆகிய மூன்றும் ஒரு பேழையைப் பிடிக்க, நான்காவது கையாக அடுத்த பாதியிலிருந்து 47 நீண்டு வருகிறது. 37, 40, 43 பிடித்த பேழைக்கு இப்பாதியிலிருந்து 18 உதவுகிறது. நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டார், மூன்று முளைகளைத் தம் சுவரில் அடித்து நான்காவதை அடுத்த வீட்டுச் சுவரில் அடித்துக் கொடி கட்டுவதில்லையா? அது போலத்தான். பேழைகளுக்கு இடையேயுள்ள தூரம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் அளவில் ஒன்றே காற்பங்கு கூட இராது. அவ்விடைவெளியை எலெக்ட்ரான் எளிதில் தாண்டும்.

ஆக, ஒரு வண்டியில் இரண்டு பெட்டி. பெட்டிக்கு ஓர் எலெக்ட்ரான். அந்த எலெக்ட்ரான் மேட்டில் தேக்கிய நீர் போன்றது. இறங்கி ஓடத் துடிப்பது. அத்துடிப்பின் அளவை மைனஸ் 400 மில்லிவோல்ட் என்று அளந்திருக்கின்றனர். ஹைட்ரஜன் வாயுவுக்கு நிகரான துடிப்பு அது.

இரும்பு கிடைக்காத காலத்தில் என் செய்யும்? இக்கேள்விக்கும் 1966இல் விடை கிடைத்தது. நைட், ஹார்டி என்னும் இருவர் இரும்புப் பஞ்சத்தில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தனர். அது பெர்ரடாக்ஸினை விடுத்து, இரும்பே இல்லாத மஞ்சட் புரதம் ஒன்றைச் செய்து அதே வேலையை வாங்கிக்கொண்டது. பிளேவடாக்ஸின் என்பது அதன் பெயர். அதில் எலெக்ட்ரானை ஏந்துவது ரிபோஃபிளேவின் வழிவந்த ஒரு பொருள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கு மஞ்சள் நிறந் தருவதும் ரிபோஃபிளேவினே. சில பாக்டீரியாக்கள் பஞ்சம் இல்லாத காலத்திலும் நைட்ரஜன் வேலைக்கு இந்த மஞ்சள் வண்டியையே பூட்டுகின்றன.

இனிப் பெறுபவர். நைட்ரஜனேஸ் என்று அழைக்கப்படும் அது இரண்டு புரதங்களின் கூட்டு. ஒன்று இரும்புப் புரதம். மற்றொன்று இரும்பும் மாலிப்டினமும் உடைய பெரிய புரதம். நைட்ரஜனின் கட்டு அவிழ்வது பெரியதன் உள்ளே, ஏழு இரும்பும் ஒன்பது கந்தகமும் ஒரு மாலிப்டினமும் நடுவே ஒரு கார்பனும் கொண்ட ஒரு கூட்டில். நடுவிலிருப்பது கார்பன் என்பது 2011இல்தான் உறுதியாயிற்று. பெர்ரடாக்ஸின் தன் சரக்கை நேரே பெரியதனிடம் ஒப்படைப்பதில்லை. இரும்புப் புரதத்திடம் கொடுக்கிறது. அது இரண்டு ஏ.டி.பி.யை ஏந்திக்கொண்டு பெரியதோடு பொருந்தி, ஒரே ஓர் எலெக்ட்ரானை இறக்கிவிட்டு, ஏ.டி.பி.களைச் செலவழித்து விலகுகிறது. பிறகு மீண்டும் வருகிறது.

ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கைச்செலவுப் பணம் என்பர். நமக்கு வேறோர் உவமை தோன்றுகிறது. நம் டிவிஷனில் குர்பாவிலிருந்து குஜண்டி வரை ஏறும் மலைப்பாதையை அறியாதார் யார்? கனத்த சரக்கு ரயில் எவ்வளவு வேகமாய் வந்தாலும் அங்கே பின்னாலிருந்து தள்ள வேறொரு என்ஜின் வேண்டும். பெர்ரடாக்ஸின் தரும் எலெக்ட்ரான் துடிப்புள்ளதுதான். ஆனால் நைட்ரஜன் என்னும் மலைக்கு அது மட்டும் போதாது. எலெக்ட்ரான் ஒன்றுக்கு இரண்டு தள்ளு என்ஜின்கள். எட்டு எலெக்ட்ரானுக்குப் பதினாறு!

அப்பெண் சொன்ன பதினாறு இதுவே.

பதினாறு என்பது சிறு தொகையா? கிளாஸ்டிரிடியம் பிராணவாயுவின்றி வாழ்வது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றைச் சிதைத்தால் அதற்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு ஏ.டி.பி.யே. எனவே ஒரு நைட்ரஜனுக்கு நான்கைந்து குளுக்கோஸைக் காவு கொடுக்க வேண்டும். வேலையும் மந்தம், ஒரு மூலக்கூற்றை முடிக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். துவரை வேரிலும் கணக்கு அடிப்படையில் இவ்வாறே. அங்கே செலவைக் கொடுப்பது செடி. வேர்முடிச்சில் ஒரு கிராம் நைட்ரஜன் சேர, இலை உழைத்துச் சேர்த்த கார்பனில் ஐந்து முதல் பத்துக் கிராம் வரை கரைகிறது என்று மதிப்பிடுகின்றனர். வயலில் தழைச்சத்து ஏராளமாய் இருந்தால் பயறுச் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்கிறது. செலவில்லாத வேலையாயின் அது ஏன் குறைக்க வேண்டும்? இந்த ஒரு செய்தியை முன்னமே எண்ணிப் பார்த்திருந்தால் சென்ற ஆண்டு நாம் அப்பிழையைச் செய்திருக்க மாட்டோம்.

அப்படியாயின் ஆலையும் கிருமியும் ஒன்றுதானா என்று கேட்கலாம். அன்று. ஆலைக்கு நாம் எரிப்பது பூமிக்கடியிலிருந்து தோண்டியது. செடி எரிப்பது அன்றைய வெயிலில் சேர்த்தது. பயறின் பெருமையைப் பற்றி நாம் சொன்னவற்றில் இந்தப் பகுதி அப்படியே நிற்கிறது. ‘சும்மா’ என்ற சொல் ஒன்றையே அடித்துத் திருத்துகிறோம்.

கோதுமைக்கும் நெல்லுக்கும் இவ்வித்தையைக் கற்பித்துவிட்டால் உர மூட்டையே வேண்டாமே என்று இளைஞர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நெல் வயலின் நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைச் சேர்க்கின்றன என்பதை டாக்காவில் பி. கே. தே 1939இலேயே எடுத்துக்காட்டினார். காசி இந்து சர்வகலாசாலையில் ஆர். என். சிங் அப்பாசிகளைக் கொண்டு களர் நிலத்தைத் திருத்த முற்பட்டார். அவை பயிருக்கு வெளியே இருந்து செய்யும் உதவி. பயிரின் உள்ளேயே அதை அமைப்பது வேறு காரியம். 1972இல் இங்கிலாந்தில் டிக்ஸனும் போஸ்ட்கேட்டும், நைட்ரஜன் சேர்க்கும் மரபுப் பொருளை ஒரு பாக்டீரியாவிலிருந்து, அவ்வாற்றல் இல்லாத மற்றொரு பாக்டீரியாவுக்கு மாற்றி வெற்றி கண்டனர். அன்று பலர், அடுத்தது கோதுமைதான் என்று எண்ணினர். அரை நூற்றாண்டு கடந்தும் அது கைகூடவில்லை.

தடைகள் பல. நைட்ரஜனேஸ் பிராணவாயு பட்டால் கெடும். இலையோ பகல் முழுதும் பிராணவாயுவைச் செய்வது. பயறு வேர்முடிச்சில் அதனைக் கட்டுக்குள் வைக்கக் குருதிப் புரதத்தின் உறவான ஒரு செந்நிறப் புரதமே இருக்கிறது. துவரை முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது அதுவே. மற்றொரு தடை, நாம் இதுகாறும் பேசிய வண்டி. நைட்ரஜனேஸைக் கொண்டுபோய்ப் பயிரில் வைத்தாலும், அதற்குத் தகுந்த துடிப்புடன் எலெக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார்? சீனத்தில் வாங் யீபிங் குழுவினரும் இங்கிலாந்தின் ரே டிக்ஸனும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு விடை. 1972இன் டிக்ஸன்தான் அவர்! நைட்ரஜனேஸ் பொருத்திய பாக்டீரியாவில், தாவர இலையின் பசுங்கணிகத்துக்கும் வேரின் கணிகத்துக்கும் உரிய பெர்ரடாக்ஸின் தொடர்களை வைத்துப் பார்த்தனர். அவை நைட்ரஜனேஸுக்கு எலெக்ட்ரானை ஒப்படைத்தன. கட்டமைப்பில் வேறுபட்ட, பசலை வகையைச் சேர்ந்த வண்டியே, முன்பின் அறியாத மேடையில் சரக்கை இறக்கிவிட்டது. மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புக்கு உரிய தொடர் மட்டும் தனித்துப் பொருந்தவில்லை. அதில் வண்டியை மாற்றி நீலப்பச்சைப் பாசியின் பெர்ரடாக்ஸினைப் பூட்டியபோது அதுவும் பொருந்தியது. ஆகவே வண்டி பற்றிய கவலை குறைந்திருக்கிறது. பிராணவாயுவும் அந்தப் பதினாறும் அப்படியே இருக்கின்றன. எதிர்காலக் கோதுமை தன் நைட்ரஜனைத் தானே சேர்த்தாலும், அதற்கான சர்க்கரையைத் தன் மணியிலிருந்தோ தண்டிலிருந்தோதான் எடுக்கும். அந்தச் செலவு போக மிஞ்சும் விளைச்சல் எவ்வளவு என்பதே வயலில் பார்க்க வேண்டிய கணக்கு.

கடலில் ஓர் உயிர் இதனை முன்னமே செய்துகொண்டுவிட்டது என்பது 2024இல் வெளியான செய்தி. ஒற்றையணுப் பாசி ஒன்றினுள் குடிபுகுந்த நீலப்பச்சைப் பாக்டீரியா, தன் தனிவாழ்வை இழந்து, அதன் உறுப்பாகவே ஆகிவிட்டது. அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிடித்தன. பாறைகளில் உள்ள சான்றுகளைக் கொண்டு, நைட்ரஜன் சேர்க்கும் கலையே 320 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று 2015இல் கணித்துள்ளனர்.

நம்மைத் திருத்திய மாணவியின் தந்தைக்குச் சென்ற கோடையில் மாற்றலாகி, அவர்கள் குடும்பம் பிலாஸ்பூர் போய்விட்டது. ரயில்வேக் காலனியில் இது புதிதன்று. அவள் இன்று இச்சபையில் இருந்திருந்தால் நாம் இன்னும் சற்று அஞ்சியே பேசியிருப்போம். இச்சொற்பொழிவு அச்சாகும் விழா மலரின் படி ஒன்றை அவள் தந்தையின் புதிய முகவரிக்கு அனுப்புமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிழை ஏதேனும் கண்டால், பால் வரிசைக்குப் பதிலாகத் தபாலில் எழுதட்டும்.